ஒரே சிம்பனி, பல பதிவுகள்: காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்பிடுதல்

கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம் பக்கத்தில் கர்நாடக இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் மேற்கத்திய சிம்பனியின் பக்கம் திரும்பும்போது எழுப்பும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்வரங்கள் எல்லாவற்றையும் தாளில் எழுதியே வைத்துவிட்ட பிறகு, ஒரே உருப்படிக்கு எதற்காக இத்தனை பதிவுகள்? கேள்வி நியாயமானது. ஒரு கீர்த்தனையை இருவர் பாடினால் சங்கதிகள் மாறும், நிரவலுக்கு எடுத்துக்கொள்ளும் வரி மாறும், கற்பனாஸ்வரம் முற்றிலும் வேறாக இருக்கும். அங்கே ஒப்பிடுவதற்கு வேண்டிய மட்டும் பொருள் உண்டு. சிம்பனியிலோ நிரவலும் இல்லை, கற்பனாஸ்வரமும் இல்லை. எண்பது பேர் வாசித்தாலும் ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் வாசிக்க வேண்டியது அச்சாகி இருக்கிறது.

ஆனாலும் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்பவருக்கு அவை வேறு வேறு என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அந்த வேறுபாடு யாரால் வந்தது என்பதுதான் உடனே தெரியாது. இயற்றியவர் எழுதிய தாள், அதைப் பதிப்பித்தவர், இசை நடத்துநர், வாத்தியக்காரர்கள், வாசித்த மண்டபம், மைக் வைத்த பொறியாளர், பிற்காலத்தில் பழைய ஒலிநாடாவைச் சுத்தம் செய்தவர் என ஏழு கைகள் ஒரு பதிவில் கலந்திருக்கின்றன. எந்த வேறுபாடு எந்தக் கையினுடையது என்று பிரித்தறிவதையே பதிவுகளை ஒப்பிடுதல் என்று இக்கட்டுரை கொள்கிறது. எது சிறந்தது என்று மதிப்பெண் போடுவது அதற்குப் பிறகு வர வேண்டிய வேலை. தொடக்கத்திலேயே அதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மைக்குக்குத்தான் மதிப்பெண் போடுகிறார்கள்.

எடுத்துக்காட்டாக பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனியை வைத்துக்கொள்வோம். அது 1824 மே 7 அன்று வியன்னாவில் முதன்முதலாக அரங்கேறியது. தியாகராஜர் அப்போது திருவையாற்றில் வாழ்ந்துகொண்டிருந்தார். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மேற்கத்திய வாத்தியங்களைத் தம் அரண்மனையில் வாசிக்கச் செய்து, மேற்கத்திய இசைச் சுவடிகளையும் சேர்த்து வைத்திருந்தார். சரஸ்வதி மகாலில் அவை இன்றும் உள்ளன. நமக்கு இந்த இசை முற்றிலும் அந்நியமான சங்கதி அன்று என்பதற்காக மட்டுமே இதைச் சொல்கிறேன். சிம்பனி நான்கு பகுதிகள் கொண்டது. முதல் மூன்றில் வாத்தியங்கள் மட்டுமே. நான்காவதில் நான்கு தனிப்பாடகர்களும் பெரிய கோரஸும் சேர்ந்து, ஆனந்தத்தைப் போற்றும் ஷில்லரின் ஜெர்மன் கவிதையைப் பாடுகின்றனர். அதன் மெட்டையே இக்கட்டுரை ஆனந்த மெட்டு என்கிறது. முழுவதும் கேட்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முழுவதையும் இரண்டு முறை கேட்டு ஒப்பிடப் புறப்பட்டால் எதுவும் மனத்தில் நிற்காது. சில இடங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

கர்நாடக இசை கேட்ட காதுக்கு, அந்த இடங்களைத் தேர்வதற்கு ஒரு நல்ல பிடி இருக்கிறது. அது காந்தாரம். சிம்பனி தொடங்கும்போது வயலின்களிலும் செல்லோக்களிலும் மிக மெல்லிய நடுக்கமாக, ஹார்ன் என்னும் பித்தளை ஊதுவாத்தியங்களின் கார்வையோடு, இரண்டே ஸ்வரங்கள் ஒலிக்கின்றன. ஒன்றை ஸட்ஜமாகக் கொண்டால் மற்றது பஞ்சமம். நடுவில் காந்தாரம் இல்லை. ஆகவே வரப்போவது சாதாரண காந்தாரம் கொண்ட மைனரா, அந்தர காந்தாரம் கொண்ட மேஜரா என்று கேட்பவருக்குத் தெரியாது. சற்று நேரத்தில் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் திரண்டு மேலிருந்து கீழாக இறங்கி, இரண்டு கட்டை சுருதியில் மைனரை நிலைநாட்டுகிறது. அதே பகுதியின் நடுவைத் தாண்டியதும் அந்தத் தொடக்கம் திரும்பி வருகிறது. ஆனால் இம்முறை மெல்லிய நடுக்கமாக அன்று, முழு உரத்தில், ஸ்வரத்துக்குக் கட்டப்படும் முரசான டிம்பனியின் இடைவிடாத உருட்டலோடு வருகிறது. முதலில் இல்லாதிருந்த காந்தாரம் இப்போது இருக்கிறது. அதுவும் அந்தர காந்தாரமாக, எல்லாவற்றுக்கும் அடியில், மந்தர வாத்தியங்களில் ஒலிக்கிறது. மேஜர் என்றால் மகிழ்ச்சி என்று படித்தவர்களைத் திடுக்கிட வைக்கும் இடம் அது.

ஒப்பிடத் தொடங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் இடம் இதுவே. 1951 ஜூலை 29 அன்று பைராய்ட் நகரில் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர் நடத்திய கச்சேரிப் பதிவில், டிம்பனி மற்ற வாத்தியங்களின் மீது புரண்டு வருகிறது. தனித்தனி ஸ்வரங்களைப் பிரித்துக் கேட்பதே கடினம். 1987இல் ரோஜர் நாரிங்டன் லண்டன் கிளாசிக்கல் பிளேயர்ஸ் குழுவைக் கொண்டு செய்த பதிவில், டிம்பனி சிறியது, குச்சி கடினமானது, ஒவ்வோர் அடியும் தனியே விழுகிறது. மந்தர காந்தாரமும் தெளிவாகக் கேட்கிறது. இதில் எவ்வளவு நடத்துநரின் முடிவு, எவ்வளவு வாத்தியத்தின் இயல்பு, எவ்வளவு பழைய மோனோ ஒலிநாடாவின் குறை என்று கேட்டுப் பாருங்கள். உருட்டலின் உரமும், அங்கே வேகத்தைத் தளர்த்துவதும் ஃபுர்ட்வெங்லருடையவை. ஸ்வரங்கள் பிரியாமல் மொத்தையாகக் கேட்பதில் ஒரு பங்கு மைக்குக்கு உரியது. நாரிங்டனின் தெளிவில் பெரும்பங்கு, பீத்தோவன் காலத்து அமைப்பிலான வாத்தியங்களுக்கு உரியது.

காலப்பிரமாணத்துக்கு வருவோம், வாதங்களில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன. மெட்ரோனோம் என்னும் தாளக்கருவிக்கு மெல்ட்செல் 1815இல் காப்புரிமை பெற்றார். பீத்தோவன் அதில் ஆர்வம் கொண்டு, தம் முதல் எட்டு சிம்பனிகளுக்கான வேக எண்களை 1817இல் வெளியிட்டார். ஒன்பதாவதற்கான எண்களை 1826இல், காது முற்றிலும் கேளாத நிலையில், தம் அண்ணன்தம்பி வழி மகனான கார்லின் உதவியோடு குறித்தார். மூன்றாம் பகுதியின் தொடக்கத்துக்கு அவர் இட்ட எண் 60. அதாவது விநாடிக்கு ஓர் அடி. கடிகாரத்தைப் பார்த்துத் தொடையில் தட்டிக்கொண்டே நாரிங்டனின் பதிவைக் கேட்டால் ஏறத்தாழ ஒத்துப்போகும். அதே தட்டலோடு ஃபுர்ட்வெங்லரைக் கேட்டால் கை முன்னே ஓடிவிடும். அவருடைய ஓர் அடி ஒன்றரை விநாடியையும் தாண்டுகிறது. அந்தப் பகுதி மட்டும் நாரிங்டனிடம் ஏறத்தாழ 11 நிமிடம், ஃபுர்ட்வெங்லரிடம் ஏறத்தாழ 19 நிமிடம். ஒரே தாளை வைத்துக்கொண்டு எட்டு நிமிட வித்தியாசம்.

எது சரி? எண்ணை எழுதியவர் பீத்தோவன். ஆகவே நாரிங்டன் சரி என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அதே இடத்தில் அவர் "அடாஜியோ மோல்தோ" என்றும் எழுதியிருக்கிறார். மிகுந்த சௌக்கம் என்பது அதன் பொருள். எண் நடையைக் கூட்டுகிறது, சொல் அதை இழுக்கிறது. இரண்டில் எதற்குச் செவிசாய்ப்பது என்பதே நடத்துநரின் முடிவு. என் காதுக்கு நாரிங்டனின் வேகத்தில் அந்த மெட்டு ஒரே மூச்சில் பாடக்கூடிய பாட்டாக அமைகிறது. ஃபுர்ட்வெங்லரிடம் அது பாட்டாக இல்லாமல் ஆலாபனையின் நிதானத்தை அடைந்துவிடுகிறது. சௌக்ககாலக் கீர்த்தனைகளைப் பொறுமையோடு கேட்டுப் பழகிய டெல்டாக்காரர்கள் பெரும்பாலும் ஃபுர்ட்வெங்லர் பக்கம் சாய்வதைக் கண்டிருக்கிறேன். அதில் வியப்பில்லை, ஆனால் அந்தச் சாய்வு நம் பழக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உறையில் அச்சிட்ட மொத்த நேரத்தைப் பார்த்து வேகத்தை முடிவு செய்வது தவறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஹெர்பர்ட் ஃபான் கராயன் 1962இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு செய்த பதிவு ஏறத்தாழ 67 நிமிடம். நாரிங்டனுடையது ஏறத்தாழ 62. எனவே எல்லாப் பகுதிகளிலும் நாரிங்டனே விரைவு என்று தோன்றும். ஆனால் இரண்டாம் பகுதியை மட்டும் எடுத்தால் கராயனிடம் ஏறத்தாழ 11 நிமிடம், நாரிங்டனிடம் 14 நிமிடத்துக்கு மேல். அங்கே நாரிங்டன் சௌக்கமாக நடத்தவில்லை. தாளில் திரும்ப வாசிக்கச் சொல்லியிருக்கும் இடங்களை அவர் விடாமல் வாசிக்கிறார். கராயன் சிலவற்றை விட்டுவிடுகிறார். இரண்டு பதிவுகளின் காலத்தை ஒப்பிடுகிறவர், முதலில் இரண்டிலும் அதே அளவு இசை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த இரண்டாம் பகுதியின் முதல் சில விநாடிகள் தனியே கேட்கத் தக்கவை. தந்தி வாத்தியங்கள் ஸட்ஜத்தை இரண்டு ஸ்தாயியில் அடிக்கின்றன, சிறு இடைவெளி, பஞ்சமத்தை அடிக்கின்றன, இடைவெளி, பிறகு டிம்பனி தனியாக, இரண்டு ஸ்தாயியில், சாதாரண காந்தாரத்தை அடிக்கிறது. அக்காலத்தில் டிம்பனிகளை வழக்கமாக ஸட்ஜ பஞ்சமத்துக்கே கட்டுவார்கள். இங்கே இரண்டு முரசுகளையும் காந்தாரத்துக்குக் கட்டச் சொல்லியிருக்கிறார் பீத்தோவன். கும்பகோணத்துப் பக்கம் தவில் வாசிக்கும் பெரியவர் ஒருவருக்கு இந்த இடத்தை முன்னறிவிப்பு இல்லாமல் போட்டுக் காட்டினேன். "தம்பி, அந்த அடிய இன்னொரு வாட்டி போடுங்க. அது தாளத்துக்கு அடிச்ச அடி இல்ல, ஸ்வரமால்ல பேசுது?" என்றார். அவருக்குப் போட்டது நாரிங்டனின் பதிவு. கராயனின் பதிவில் அதே அடி உருண்டையாக, சற்றுத் தொலைவிலிருந்து, மண்டபத்தின் எதிரொலியோடு கலந்து வருகிறது. ஸ்வரம் கேட்கும், ஆனால் திடுக்கிடல் குறைவு. அந்தப் பதிவு பெர்லினில் உள்ள ஏசு கிறிஸ்து தேவாலயத்தில் செய்யப்பட்டது என்பதை நினைவில் கொண்டால், உருண்டை ஓசையில் பாதி கட்டடத்துடையது என்பது விளங்கும்.

தாளிலேயே வேறுபாடு இருக்கலாம் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். நம்மிடம் ஒரு கிருதிக்குப் பல பாடாந்தரங்கள் இருப்பதைப் போல் அத்தனை விரிவாக இல்லாவிட்டாலும், சிம்பனிக்கும் பதிப்பு வேறுபாடு உண்டு. 1860களில் பிரைட்கோப் நிறுவனம் அச்சிட்ட பதிப்பையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் எல்லாரும் வாசித்து வந்தார்கள். கையெழுத்துப் படிகளை ஒப்புநோக்கி ஜொனதன் டெல் மார் பிழை நீக்கிய பதிப்பு 1996இல் பேரென்ரைட்டர் நிறுவனம் வழியாக வந்தது. இறுதிப் பகுதியில் கோரஸ் பெருங்குரலில் ஆனந்த மெட்டைப் பாடுவதற்குச் சற்று முன், ஆர்கெஸ்ட்ரா அடங்கி ஹார்ன்கள் மட்டும் மெல்ல ஒரே ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். பழைய பதிப்பில் ஒழுங்காக இருந்த அந்தத் தாளம், புதிய பதிப்பில் இடறி இடறி விழுகிறது. 1996க்குப் பிந்தைய பதிவுகள் சிலவற்றில் அதைக் கேட்கலாம்.

பதிப்பாளர் ஒருபுறம் இருக்க, நடத்துநர்களும் தாளில் கை வைத்திருக்கிறார்கள். பீத்தோவன் காலத்து ஹார்னுக்கும் டிரம்பெட்டுக்கும் வால்வு கிடையாது. எல்லா ஸ்வரங்களையும் அவற்றால் நன்றாக வாசிக்க முடியாது. அதனால் அவர் சில இடங்களில் அவற்றுக்கு எழுதாமல் விட்டார் என்றும், வால்வு வந்துவிட்ட பிறகு அந்த இடங்களை நிரப்புவதே முறை என்றும் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் 1873இல் எழுதினார். இரண்டாம் பகுதியில் காற்று வாத்தியங்களின் மெட்டைத் தந்தி வாத்தியங்களின் இடி அமுக்கிவிடும் ஓர் இடம் உண்டு. பழைய பதிவுகள் பலவற்றில் அங்கே ஹார்ன்களும் மெட்டில் சேர்ந்துகொள்வதன் காரணம் இதுவே. நாரிங்டன் போன்றோர் சேர்ப்பதில்லை. அங்கே மெட்டுக்காகச் செவியை நீட்ட வேண்டியிருக்கிறது. நீட்ட வேண்டும் என்றுதான் பீத்தோவன் விட்டாரோ என்று எனக்கு ஓர் ஐயம்.

சுருதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பீத்தோவன் காலத்து அமைப்பிலான வாத்தியங்களை வாசிக்கும் குழுக்கள் பொதுவாக இன்றைய 440 அதிர்வுக்குப் பதில் 430 அதிர்வை ஆதாரமாகக் கொள்கின்றன. வித்தியாசம் அரைக் கட்டையில் பாதிக்கும் குறைவு. இரண்டு பதிவுகளை மாற்றி மாற்றிக் கேட்கும்போது ஒன்று மந்தமாகவும் மற்றது பளிச்சென்றும் தோன்றினால், அதை நடத்துநரின் தலையில் கட்டாதீர்கள். தந்தி வாத்தியங்களின் ஜாருவும் இப்படித்தான். 1935இல் ஃபெலிக்ஸ் வைன்கார்ட்னர் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு செய்த பதிவில் வயலின்கள் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்வது தெளிவாகக் கேட்கும். கமகத்தில் ஊறிய நமக்கு அது இனிமையாகவே இருக்கும். பிற்கால ஆர்கெஸ்ட்ராக்கள் அதைக் கைவிட்டுவிட்டன. அது அந்த நடத்துநரின் தனி விருப்பம் அன்று, அவர் காலத்து வாசிப்பு முறை.

இசைத்தட்டுக் காலத்துப் பதிவுகளில் இன்னொரு கட்டாயமும் உண்டு. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிட அளவே பதிய முடியும். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி அந்தச் சில நிமிடங்களுக்குள் அடங்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரச் சிம்பனியோ பதினைந்துக்கு மேற்பட்ட பக்கங்களாகத் துண்டுபட வேண்டியிருந்தது. நான்கு நிமிடம் வாசித்து, நிறுத்தி, மீண்டும் அதே வேகத்தைப் பிடித்துத் தொடங்கிய வாசிப்பைத்தான் இன்று ஒட்டுப்போட்டு ஒரே தொடர்ச்சியாகக் கேட்கிறோம்.

கச்சேரிப் பதிவு என்றால் ஒட்டு இருக்காது என்றும் நம்பிவிடக் கூடாது. ஃபுர்ட்வெங்லரின் பைராய்ட் பதிவு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நகரின் இசை விழா மீண்டும் தொடங்கிய நாளின் கச்சேரி. அவர் 1954இல் மறைந்தார். பதிவு 1955இல்தான் இசைத்தட்டாக வந்தது. 2007இல் பவேரிய வானொலியின் ஒலிநாடாவிலிருந்து இன்னொரு வடிவம் வெளியானபோது, இரண்டும் பல இடங்களில் ஒன்றல்ல என்பது தெரிந்தது. முதலில் வந்ததில் ஒத்திகையின் துண்டுகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்ற வாதம் எழுந்தது. ஒரே நடத்துநர், ஒரே ஊர், ஒரே வாரம். அதற்குள்ளேயே இரண்டு பதிவுகள். தேர்ந்தெடுத்து ஒட்டியவரின் கை இங்கே எத்தனை பெரிது என்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி, செய்து பார்க்கும் முறை. புதியவர்கள் ஃபுர்ட்வெங்லரோடு தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. அவருடையது மகத்தான வாசிப்பு. ஆனால் மோனோ ஒலியும் இரைச்சலும் இருமலும் கலந்த பதிவை, நல்ல ஸ்டீரியோப் பதிவின் பக்கத்தில் வைத்தால், பழகாத காது ஒலித்தரத்தையே ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். முதலில் கராயன் 1962, நாரிங்டன் 1987 என்ற இணையை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஸ்டீரியோ, இரண்டும் கவனமாகப் பதியப்பட்டவை, ஆனால் நோக்கில் எதிரெதிர். இரண்டின் ஒலியளவையும் சமமாக்கிக்கொள்ள வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் சற்றே நன்றாக வாசித்ததுபோல் தோன்றும். காதின் இந்தப் பலவீனத்துக்கு விலக்கானவர் எவரும் இல்லை. நம் ஊரில் சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள் என்று சொல்வது கொடுமைதான். ஆனால் முதற்பகுதியின் தொடக்கத்து நடுக்கம் விசிறிச் சத்தத்தில் முழுதும் மூழ்கிவிடும். காதை மூடும் ஹெட்போன் இருந்தால் விசிறியும் ஓடலாம். இணையத்தில் தனிநபர்கள் ஏற்றியவற்றில் வேகமும் சுருதியும் மாறியிருக்கக் கூடுமாதலால், பதிவை வெளியிட்ட நிறுவனத்தின் பக்கத்திலிருந்தே கேட்பது பாதுகாப்பு.

பிறகு, ஒரே இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இறுதிப் பகுதியில் ஆனந்த மெட்டு முதன்முதலில் தோன்றும் இடம் அதற்கு மிகப் பொருத்தம். முன் பகுதிகளின் மெட்டுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டி விலக்கப்பட்ட பின், செல்லோக்களும் டபுள் பாஸ்களும் மட்டும், எந்தத் துணையும் இல்லாமல், மெல்ல அதை எடுக்கின்றன: க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, க ரி ரி. சங்கராபரணம் தெரிந்தவர் ஒரே முறையில் பாடிவிடலாம். சிம்பனியின் முதல் ஒலியில் இல்லாதிருந்த காந்தாரம், இங்கே மெட்டின் முதல் ஸ்வரமாகவே நிற்கிறது. அடுத்த சுற்றில் வயோலாவும் செல்லோவும் பாட, பசூன் என்னும் மந்தர ஊதுவாத்தியம் அருகே தனி வழியில் நடக்கிறது, அதற்கடுத்து வயலின்கள், நான்காம் சுற்றில் முழு ஆர்கெஸ்ட்ரா. ஏறத்தாழ மூன்று நிமிடம்.

இரண்டு பதிவுகளிலும் அந்த மூன்று நிமிடத்தை மாற்றி மாற்றிக் கேட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை, மெட்டுக்கு முன்னுள்ள மௌனம் எவ்வளவு நீளம் என்பது மட்டும். அடுத்த முறை, நான்கு சுற்றும் ஒரே காலப்பிரமாணத்தில் நிற்கின்றனவா, சுற்றுக்குச் சுற்று விறுவிறுப்புக் கூடுகிறதா என்பது மட்டும். பிறகு பசூனை மட்டும் பின்தொடருங்கள். கராயனிடம் தந்திகளின் பட்டுப் போன்ற பரப்பு முன்னால் நிற்க, நாரிங்டனிடம் பசூன் சமமான துணையாகக் கேட்கும். வயலின்கள் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கின்றனவா, நேராக நிறுத்துகின்றனவா என்பது நான்காம் கேள்வி. எல்லாவற்றையும் ஒரே கேட்பில் பிடிக்க முயல்வதுதான் புதியவர்களைச் சோர்வடையச் செய்கிறது.

இவ்வளவும் ஆன பிறகு ஃபுர்ட்வெங்லரைப் போட்டால், அந்த மௌனத்தின் நீளமும், மெட்டு தொடங்கிவிட்டதா என்று ஐயப்பட வைக்கும் அளவுக்கு மெல்லிய அதன் நுழைவும் ஒலிநாடாவின் குறையால் வந்தவை அல்ல, வேண்டுமென்றே செய்யப்பட்டவை என்பது இரைச்சலைத் தாண்டித் தெரியும். அதே பதிவின் கடைசி அரை நிமிடத்தில் அவர் பிடிக்கும் அசுர வேகத்துக்கு ஆர்கெஸ்ட்ராவால் ஈடுகொடுக்க முடியாமல் ஸ்வரங்கள் சிதறுகின்றன. அதை வாத்தியக்காரர்களின் பிழை என்று எழுதுவோரும் உண்டு. அந்தச் சிதறலுக்காகவே அவர் அப்படி ஓட்டினார் என்போரும் உண்டு. மெட்ரோனோமுக்குக் கட்டுப்பட்ட விரைவு நடத்துநர் என்று பெயர் பெற்ற நாரிங்டனோ, அதே இறுதிப் பகுதியில் டெனர் பாடும் அணிவகுப்பு மெட்டை மற்ற பலரையும்விட மிகச் சௌக்கமாக எடுக்கிறார். அதற்கும் அவர் காட்டுவது தாளில் உள்ள எண்ணைத்தான். நான்காம் பதிவாக வைன்கார்ட்னரை எடுத்துக்கொள்பவர், இந்த இரண்டு இடங்களையும் அவர் எப்படிக் கையாள்கிறார் என்பதிலிருந்து தொடங்கலாம்.